நமக்கு மருந்து, பூனைக்கு விஷம்: செல்லப்பிராணிகளின் உடல் எங்கே வேறுபடுகிறது?

நாய்க்குத் திராட்சை கொடுக்காதே, வெங்காயம் கொடுக்காதே, சாக்லேட் கொடுக்காதே. பூனைக்குப் பால் வேண்டாம், காய்ச்சல் மாத்திரை கூடவே கூடாது. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு பட்டியல் சுற்றாத வாரம் இல்லை. படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி வரும்: "பாட்டி வீட்டு நாய் ரசம் சோறு தின்றே பதினாலு வருஷம் இருந்ததே?"

நியாயமான கேள்விதான். பட்டியல்கள் காரணத்தைச் சொல்வதில்லை. எது சில மணி நேரத்தில் கொல்லும், எது மெல்ல மெல்லக் கெடுக்கும், எது வெறும் பூச்சாண்டி என்று பிரித்தும் காட்டுவதில்லை. நாய், பூனையின் உடல் எந்தெந்த இடத்தில் நம் உடலிலிருந்து விலகுகிறது என்று புரிந்துவிட்டால் பாதிப் பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

தொட்டால் சுடுகிறது, அதனால் காய்ச்சலா?

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பூனை சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது. பாதி உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுத்தால் என்ன?

நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். பூனைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். நமக்கு 98 சொச்சம். ஆகவே நல்ல ஆரோக்கியமான நாயையோ பூனையையோ தொட்டாலும் நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் காய்ச்சல் என்று சொல்ல வழியில்லை.

அடுத்து எடைக் கணக்கு. 60 கிலோ ஆள் 500 மி.கி. மாத்திரை ஒன்று போட்டால் கிலோவுக்குச் சுமார் 8 மி.கி. அதே மாத்திரை 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 125 மி.கி. கால் மாத்திரை என்றாலும் 31 வருகிறது. கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே பூனைகளுக்கு விஷ அறிகுறி வந்த பதிவுகள் உண்டு.

சரி, எடைக்குத் தக்கபடி ஒரு துளி கொடுக்கலாமா? அதுவும் கூடாது. ஏனென்றால் சிக்கல் எடையோடு முடியவில்லை, ஈரலில் இருக்கிறது. பாராசிட்டமால் உள்ளே போனதும் நம் ஈரல் அதன் பெரும்பகுதியோடு சர்க்கரையிலிருந்து உண்டான ஒரு சிறு மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் மருந்து நீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரில் போய்விடும். இந்த ஒட்டு வேலைக்கு ஒரு நொதி வேண்டும். பூனையிடம் அந்த நொதிக்கான மரபணு செயலிழந்து கிடக்கிறது. காலம் காலமாக இறைச்சியை மட்டுமே தின்று வந்த குடும்பம் அது. செடிகொடிகளின் நச்சை முறிக்கும் கருவி தேவைப்படாமல் கழன்று போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

வெளியேற வழியில்லாத மருந்து வேறு பாதையில் போய் நச்சாக மாறுகிறது. அந்த நச்சு சிவப்பணுக்களைத் தாக்கி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்கிறது. சில மணி நேரத்தில் ஈறு இளஞ்சிவப்பு நிறம் மாறிச் சாக்லேட் பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். அசிட்டைல்சிஸ்டைன் என்ற நச்சுமுறிவு மருந்து இருக்கிறது. ஆனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருந்து போனால் பலன் குறைவு.

இந்த ஒரே குறைபாட்டிலிருந்து இன்னும் சில ஆபத்துகள் கிளைக்கின்றன.

1. தரை துடைக்கும் கறுப்பு ஃபினாயிலில் இருப்பது பீனால் வகை வேதிப்பொருள். பூனை ஈரத் தரையில் நடந்து, பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். பீனாலையும் அதன் ஈரலால் சுலபமாகக் கழிக்க முடியாது. பூனை இருக்கும் வீட்டில் ஃபினாயிலை நிறுத்திவிடுவதுதான் நல்லது.

2. ஆஸ்பிரின். பூனை உடலில் அது பாதியாகக் குறையவே ஒன்றரை நாள் ஆகும். நமக்குப் போடுவது போல வேளைக்கு வேளை கொடுத்தால் மேன்மேலும் சேர்ந்துகொண்டே போகும்.

3. நாய் உண்ணிக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்குப் பிரச்சினையில்லை. பூனைக்குப் போட்டால் உடல் உதறி வலிப்பே வந்துவிடும். நாயும் பூனையும் ஒரே பாயில் படுக்கிற வீடு என்றால் மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

நாயிடம் அந்த நொதி உண்டு. அதற்காக நம் வலி மாத்திரைகள் அதற்கு ஆகும் என்று அர்த்தமில்லை. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தை அடித்துவிடும். டைக்ளோஃபெனாக்கின் கதை நம் நாட்டிலேயே பெரிதாக நடந்த ஒன்று. மாட்டுக்கு வலிக்குப் போட்ட அந்த ஊசி, மாடு செத்தபின் அதைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்த பிறகு, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாடு தாங்கியது, மனிதன் தாங்குகிறான், கழுகால் முடியவில்லை.

சமையலறையில் எது நிஜம், எது மிகை

ஞாயிற்றுக்கிழமை பிரியாணித் தட்டின் மிச்சத்தைப் பாருங்கள். எண்ணெயில் வதங்கிய வெங்காயம் அரைக் கைப்பிடி, பூண்டு, வெந்த கோழி எலும்பு இரண்டு, ஓரமாகத் தயிர்ப் பச்சடி, அதிலும் வெங்காயம். "பாவம், பார்த்துக்கொண்டே இருக்கிறது" என்று அதை அப்படியே நாயின் தட்டில் கவிழ்ப்போம்.

வெங்காயக் குடும்பத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. நாய்க்குக் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம், பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் என்ற அளவிலேயே ரத்தத்தில் மாற்றம் தெரிந்திருக்கிறது. 15 கிலோ நாட்டு நாய்க்கு அது பெரிய வெங்காயம் இரண்டுக்கு மேல். 4 கிலோ பூனைக்குச் சாம்பார் வெங்காயம் இரண்டு மூன்று போதும். பாட்டி வீட்டு நாய் ஏன் தப்பித்தது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது: நாய் பெரிது, ரசத்தில் மிதந்த வெங்காயம் சிறிது. மீதி விடை அவ்வளவு இனிப்பாக இருக்காது. சோகை தென்பட மூன்று நான்கு நாளாகும். வியாழக்கிழமை நாய் சோர்ந்து படுத்தால் ஞாயிற்றுக்கிழமைத் தட்டை யார் நினைக்கப் போகிறார்கள்? "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடுவோம்.

திராட்சையின் கதை வேறு மாதிரி. திராட்சையோ உலர் திராட்சையோ தின்ற சில நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது பல வருடங்களாகத் தெரிந்திருந்தும், எந்தப் பொருளால் என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாய் நாலு பழத்தில் சாகும், இன்னொன்று கொத்தையே தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். அமெரிக்காவில் விலங்கு நச்சு உதவி மையம் ஒன்றின் மருத்துவர்கள், வீட்டில் பிசைந்த விளையாட்டுக் களிமண்ணைத் தின்ற நாய்க்கும் இதே போன்ற பாதிப்பு வந்ததைக் கவனித்தார்கள். அந்தக் களிமண்ணில் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் டார்டாரிக் அமிலம் உண்டு. ரகத்துக்கு ரகம், பழுப்பதற்கு ஏற்ப, அதன் அளவு மாறும். 2021-ல் இந்தக் கருத்து வெளியானது.

நமக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. புளியின் புளிப்பே பெரும்பாலும் டார்டாரிக் அமிலம்தான். புளியைத் தின்று சிறுநீரகம் பழுதான நாய்களையும் அதே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்காக ரசம் நக்கிய நாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கவலைப்பட வேண்டியது புளி உருண்டை, ஊறவைத்த புளிக் கிண்ணம், கரைத்த பிறகு கொட்டும் சக்கை. இவற்றை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். பாயசத்துக்கு எடுத்து வைத்த உலர் திராட்சையும் அப்படியே.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 17 மணி நேரம் பிடிக்கும்; அதுவரை இதயத்தை முடுக்கிக்கொண்டே இருக்கும். கறுப்புச் சாக்லேட் மோசம், பால் சாக்லேட்டில் வீரியம் குறைவு. சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய்களில் வரும் சைலிட்டால் இவை எல்லாவற்றையும்விட அவசரமானது: அதைச் சர்க்கரை என்று ஏமாந்து நாயின் கணையம் இன்சுலினைக் கொட்டிவிடும், அரை மணி நேரத்திலேயே நாய் தள்ளாடி விழலாம். வெந்த எலும்பு சிராய் சிராயாகப் பிளந்து குடலைக் குத்தும். பால் விஷமில்லை, வளர்ந்த பூனைக்கு வயிற்றுப்போக்கு வரும், அவ்வளவுதான்.

பூனைக்குத் தயிர்சோறு மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடலால் போதுமான அளவு தயாரிக்க முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் வர வேண்டும். அது கிடைக்காவிட்டால் நாளடைவில் கண் பார்வை போகும், இதயத் தசை தளரும். வீட்டுக்காரர் சைவமாக இருக்கலாம், பூனையை அப்படி ஆக்க முடியாது.

ஊசி போட்டும் பார்வோ வந்தது எப்படி?

"45 நாள் குட்டி, ஊசி போட்டாச்சு" என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கி வந்து பத்தே நாளில் குட்டி வாந்தி, ரத்தக் கழிச்சல் என்று சுருண்டுவிடுகிறது: பார்வோ என்ற வைரஸ் நோய். போலி ஊசி என்று சண்டை நடக்கிறது. ஊசி நல்லதாகவே இருந்திருக்கலாம். நடந்தது இதுதான்:

1. குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பாற்றல் கிடைக்கிறது. முதல் சில வாரங்களுக்கு அதுதான் காவல்.

2. அந்தக் காவல் வாரத்துக்கு வாரம் கரையும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்றுக்கு 8 வாரத்தில் தீரும், இன்னொன்றுக்கு 14 வாரம் இழுக்கும்.

3. தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். தாயிடமிருந்து வந்த காவலுக்கு நிஜ வைரஸ் எது, ஊசி வைரஸ் எது என்று தெரியாது. இரண்டையும் ஒழித்துவிடும். அப்போது போட்ட ஊசி வீண்.

4. இடையில் ஒரு பொல்லாத காலம் உண்டு. தாய் தந்த காவல் நிஜ நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்திருக்கும், ஊசியை வேலை செய்ய விடாத அளவுக்கு மிஞ்சியிருக்கும். குட்டிகள் மாட்டுவது இந்த இடைவெளியில்தான்.

அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும் வரை போடச் சொல்கிறார்கள். பலர் இரண்டு ஊசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எல்லாவற்றிலும் முக்கியம் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடும் அந்தக் கடைசி ஊசி. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இன்னொன்று. அதற்குப் பிறகு எப்போது என்பதை மருத்துவர் சொல்வார்.

நாயைத் தாக்கும் இந்த பார்வோ வைரஸ் 1978-ல்தான் உலகெங்கும் பரவி அடையாளம் காணப்பட்டது. வேகமாகப் பிரியும் செல்களைத் தேடிப் போகும். குடலின் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவை. குடல் உரிந்து ரத்தம் கழியும், அதே நேரம் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சரியும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குட்டிகள் வரை சாகலாம். நேரத்தோடு ட்ரிப்ஸ் ஏற்றிப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். இளநீரும் மோரும் கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில் அந்த வாய்ப்புதான் நழுவுகிறது.

இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்புறை கிடையாது. ஆகவே கையில் தடவும் சானிடைசர் அதை அசைக்காது, ஃபினாயிலையும் நம்ப முடியாது. மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், நம் செருப்பில் ஏறி வீட்டுக்குள் வரும். பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கை முதலில் கழுவிவிட்டு ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பார்வோ வந்து குட்டி செத்த வீட்டில் உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவருவது அதற்குச் செய்யும் துரோகம். பூனைகளுக்கும் இதன் உறவுக்கார வைரஸ் ஒன்று உண்டு, தடுப்பூசியும் உண்டு.

பார்வோ நமக்குத் தொற்றாது. ரேபிஸ் தொற்றும், வந்தபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத நாய்தானே என்று ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கதவு ஒருநாள் திறந்திருந்தால் போதும். முதல் ஊசி 12 வாரத்தில், அப்புறம் மருத்துவர் சொல்லும் கணக்கில். எந்த நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவது. அடுத்து மருத்துவமனை.

உண்ணி நாய்மேல் இருப்பதைவிடச் சுவரில் அதிகம்

காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பிக்கொண்டு இருப்பது ரத்தம் குடித்த பெண் உண்ணி. குடித்து முடித்ததும் தானாக விழும், சுவரோரமாக ஏறி ஒரு விரிசலில் புகுந்து ஆயிரக்கணக்கில், சில சமயம் 4,000 வரை, முட்டையிட்டுச் சாகும். பொரித்த குஞ்சு ஒருமுறை நாயிடம் வந்து குடித்துவிட்டு இறங்கும், தோல் உரித்து வளரும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி நாய்மேல் கழிவதே இல்லை. குளிப்பாட்டிப் பொறுக்கி எடுத்த மறுவாரமே மறுபடி வருவது இதனால்தான். மண்ணெண்ணெய் தடவுவது பழைய பழக்கம். தோல் வெந்துபோகும், நக்கினால் நுரையீரலுக்கும் ஆபத்து. நாய்க்கு மருந்து, விரிசலுக்குப் பூச்சு, படுக்கைத் துணிக்குக் கொதிநீர் மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் இப்போது வந்துவிட்டன, நன்றாகவே வேலை செய்கின்றன. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உண்ணி குடிக்கும் ரத்தத்தைவிட அது விட்டுப்போகும் கிருமிதான் பெரிய தொல்லை. எர்லிக்கியா வெள்ளணுக்களில் குடியேறும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள். பபீசியா சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். ஐந்தாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துகிறவர்களின் நாய்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி வருகிறது.

வெயிலும் மழையும்

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் பெயருக்கு. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அதன் குளிர்சாதனம். எச்சில் ஆவியானால்தான் சூடு இறங்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடப்பதால் ஆவியாவதே கஷ்டம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த மூச்சும் பாதிதான். உடல் வெப்பம் 106 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். அப்போது முதலில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மின்விசிறியைப் போடுங்கள், அப்புறம் வண்டியை எடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தாதீர்கள், சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா இருக்கும். ஈரல், சிறுநீரகம் இரண்டையும் தாக்கும், நாயிடமிருந்து நமக்கும் வரும். இதற்கான தடுப்பூசியின் பலன் ஏறக்குறைய ஓராண்டுதான். வருடந்தோறும் போட வேண்டும்.

ஏதாவது தின்றுவிட்டால்

1. மாத்திரை அட்டை, டப்பா, செடியின் கிளை, எதுவானாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அரளியா, எலி மருந்தா, எந்த எலி மருந்து என்பதைப் பொறுத்துச் சிகிச்சை முழுக்க மாறும்.

2. எத்தனை மணிக்குத் தின்றது, சுமார் எவ்வளவு, நாயின் எடை என்ன. போனிலேயே மருத்துவர் கேட்கும் மூன்று கேள்விகள்.

3. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்பே விஷமாகும். அமிலம் குடித்திருந்தால் வாந்தி இரண்டாவது முறை சுடும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

4. வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். பழுப்பு என்றால் பாராசிட்டமால் சந்தேகம். வெளுப்பு என்றால் ரத்தம் குறைகிறது: பபீசியா, வெங்காயம், உள்ளே எங்கோ கசிவு. மஞ்சள் என்றால் ஈரல் அல்லது சிவப்பணுச் சிதைவு. செங்கல் சிவப்பு வெயில் அடித்ததைக் காட்டலாம். விரலால் ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்; தாமதமானால் ரத்த ஓட்டம் சரியில்லை. நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஈறின் நிறத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால்தான் மாற்றம் தெரியும். ஈறே கறுப்பாக இருக்கும் நாய் என்றால், கீழிமையை லேசாக இழுத்து உள்பக்கச் சதையைப் பாருங்கள்.